சுத்தம் என்பது எத்தனை மில்லிகிராம்?

தமிழ்நாட்டில் மனை வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்? மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று. கடன் இருக்கிறதா, பாகப்பிரிவினையில் சிக்கல் உண்டா, கோயில் சொத்தா, நீர்நிலைப் புறம்போக்கா என்று வக்கீலிடம் கொடுத்து அலசுவார். இத்தனை காகிதத்திலும் ஒரு தகவல் மட்டும் இருக்காது. அந்த மண்ணில் முன்பு எதைக் கொட்டினார்கள் என்பதுதான் அது. நாற்பது வருடம் அங்கே மின்முலாம் பட்டறை ஓடியிருக்கலாம், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுத்திருக்கலாம், பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்திருக்கலாம். கட்டடத்தை இடித்து, மேடு பள்ளம் நிரவி, செம்மண் அடித்துவிட்டால் எல்லா மனையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்படிப்பட்ட நிலத்தை எப்படிச் சோதிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் ‘சுத்தமாகிவிட்டது’ என்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. கொடைக்கானல் போதும்.

1983-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. கொண்டுவந்தது சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதும் ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டர்களும் வெளிநாட்டுக்கே போயின. உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும்தான் மலையில் தங்கின. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் அம்பலப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. விதிமுறையை மீறிக் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 2003-ல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு எட்டப்பட 2016 மார்ச் வரை ஆனது.

கப்பலில் ஏறியது மூட்டை கட்டவும் பீப்பாயில் அடைக்கவும் முடிந்த கழிவு. மண் ஏறவில்லை. போபாலிலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் யூனியன் கார்பைடு வளாகத்திலிருந்து 337 டன் கழிவை பீதம்பூருக்கு லாரிகளில் கொண்டுபோனபோது நாடே பார்த்தது. ஆனால் அந்த வளாகத்திலும் சுற்றிலும் நஞ்சேறிக் கிடக்கும் மண்ணை 2010-ல் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டபோது வந்த கணக்கு 11 லட்சம் டன். லாரியில் போனது அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய அளவே அல்ல.

மண்ணைச் சோதிப்பது மண்வெட்டியோடு தொடங்குவதில்லை, காகிதத்தோடு தொடங்குகிறது. ஆலை எந்த வருடம் வந்தது, எந்தக் கட்டடத்தில் எந்த வேலை, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடியது, குப்பை எங்கே எரிக்கப்பட்டது. பழைய வரைபடங்கள், உரிமங்கள், கொள்முதல் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். பாதரசம் போன்ற பொருளுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: உள்ளே வந்தது எவ்வளவு, தெர்மாமீட்டரில் போனது எவ்வளவு, மீதி எங்கே? கொடைக்கானலில் நிறுவனம் காட்டிய மீதிக் கணக்கும் செயற்பாட்டாளர்கள் போட்ட கணக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கட்டத்தில் எந்தப் பதிவேட்டையும்விட மதிப்புள்ளது பழைய தொழிலாளியின் ஞாபகம்தான். எந்தச் சுவருக்குப் பின்னால் குழி வெட்டினார்கள், மழை நாளில் எந்தக் கால்வாய் நிரம்பி வழிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். நிலத்தைப் பரிசோதிக்க வருகிற ஆலோசனை நிறுவனங்கள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பது அபூர்வம்.

காகித வேலை முடிந்ததும் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, துளையிட்டு, வெவ்வேறு ஆழத்தில் மண் எடுப்பார்கள். கண்காணிப்புக் கிணறு இறக்கி நிலத்தடி நீரைப் பார்ப்பார்கள், ஓடைப் படுகையில் வண்டல் எடுப்பார்கள். பாதரசம் இங்கே தனியாக ஒரு தொல்லை கொடுக்கும். அது மண்ணில் சீராகப் பரவாது, குண்டுமணி குண்டுமணியாக உருண்டு போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால் விரிசல் கண்ட இடமெல்லாம் கீழே இறங்கும். ஒரு கரண்டி மண்ணில் ஒன்றுமே இருக்காது, ஒரு சாண் தள்ளி எடுத்த கரண்டியில் எண் எகிறும். எத்தனை இடத்தில் தோண்டினார்கள் என்று கேட்காமல் ‘சராசரி இவ்வளவுதான்’ என்ற வாக்கியத்தை நம்பக்கூடாது.

இதிலிருந்து கிடைப்பதை ஒரு படமாக வரைகிறார்கள். நஞ்சு இருக்கும் இடம், அது நகரும் வழி, போய்ச் சேரும் உயிர் என்று அதில் மூன்று கண்ணிகள். மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தேள் யாரையும் கொட்டாது. அதனால்தான் சில இடங்களில் மண்ணை அகற்றாமலே களிமண்ணும் நெகிழித் தாளும் போட்டு மூடி, மேலே வாகன நிறுத்துமிடம் அமைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1906 முதல் 1956 வரை ஓடிய நிலக்கரி வாயு ஆலையின் இடம் 1975-ல் பூங்காவானது. ஆலையின் துருப்பிடித்த கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன, குழந்தைகள் புல்மேட்டில் பட்டம் விடுகிறார்கள். தார்க் கழிவில் ஒரு பங்கு இன்னும் அடியில்தான் கிடக்கிறது. பெட்டி மூடியிருக்கிறது, அவ்வளவுதான். மூடியை யார் எத்தனை காலம் காப்பது என்ற கேள்வி தலைமுறைக் கேள்வி.

நகரும் வழி நஞ்சுக்கு நஞ்சு வேறு. ராணிப்பேட்டையில் தோல் பதனிடத் தேவையான குரோமிய ரசாயனம் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் நின்றுபோனது. விட்டுச் சென்றது லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு மேடு. குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்றிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஆறிணைதிறன் குரோமியம் நீரில் கரையும், புற்றுநோய் தரும், நீரை மஞ்சளாக்கும். ராணிப்பேட்டையில் இருப்பது இந்த இரண்டாவது முகம். அங்கே ஒவ்வொரு மழையும் ஒரு லாரி. கழிவு மேட்டைக் கழுவிக் கிணற்றுக்கும் பாலாற்றின் பக்கத்துக்கும் இறக்கிக்கொண்டே இருக்கிறது. கொடைக்கானல் பாதரசத்தின் வழி வேறு. கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் போகும், கொஞ்சம் மண்ணோடு அரித்து ஓடைக்குப் போகும். ஓடைச் சேற்றிலும் ஈர இலைமட்கிலும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதை உயிர்களின் உடலில் எளிதில் சேரும் கொடிய வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றினால், அது மீனுக்குள் ஏறி, பெரிய மீனுக்குள் இன்னும் ஏறி, மீனைத் தின்னும் உயிருக்குள் அதைவிட அதிகமாக ஏறும்.

ஆலை நிற்கும் மேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கவேண்டும். பாம்பார் சோலை இருக்கிறது. வருடம் முழுவதும் ஈரம் வற்றாத பழைய மலைக்காடு. அங்கிருந்து ஓடும் பாம்பார் ஓடை கும்பக்கரை அருவியாகி வைகைச் சமவெளிக்கு இறங்குகிறது. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் அந்தப் பக்கம்தான்.

கொடைக்கானல் மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்ற சர்ச்சையின் மையம் ஓர் எண். சுத்திகரிப்புக்குப் பின் ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்? நெதர்லாந்தின் தலையீட்டு வரம்பை, அதாவது அதைத் தாண்டினால் சுத்திகரிப்பில் இறங்கவேண்டும் என்று அந்த நாடு வைத்த அளவை ஒட்டி முதலில் பேசப்பட்டது 10. பிறகு இந்த இடத்துக்கென்றே செய்த இடர் மதிப்பீட்டின்படி, நீரியின் பரிந்துரையோடு நிலைநின்றது 20. தொழிற்சாலைக் கறை படாத மண்ணில் பாதரசம் பொதுவாக அரை மில்லிகிராமைக்கூட எட்டாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒரு கற்பனைக் குழந்தையிடமிருந்து வருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் பயன்படுத்திய கணக்கில் அந்தக் குழந்தையின் எடை 15 கிலோ. வீட்டு வாசலில் விளையாடி, விரலை வாயில் வைத்து, நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குகிறது. வருடத்தில் 350 நாள், இப்படி ஆறு வருடம். அந்தக் குழந்தைக்குத் தீங்கு வராத அளவு எது என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் குடியிருப்புக்கான வரம்பு கிடைக்கும். குழந்தையை எடுத்துவிட்டு, எட்டு மணி நேரம் வந்துபோகும் அலுவலகப் பணியாளரை அங்கே உட்காரவைத்தால் எண் உயரும். கனடாவின் வழிகாட்டு அளவுகளில் இதை நேராகவே காணலாம். கனிமப் பாதரசத்துக்கு விளைநிலத்திலும் குடியிருப்பிலும் 6.6, வணிக வளாகத்தில் 24, தொழிற்சாலையில் 50. பொருள் ஒன்று, மண் ஒன்று. மாறுவது மேலே வாழப்போகிறவர் மட்டும்.

ஆகவே ‘சுத்தமான நிலம்’ என்பது ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும் உண்மை அல்ல. அந்த இடத்தில் இனி யார் வாழ்வார்கள் என்று யாரோ எடுத்த முடிவு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. வீட்டுக் குழந்தையை வைத்துப் போட்ட கணக்கைச் சோலைக்கு மேல் இருக்கும் நிலத்துக்குக் கொண்டுவந்தால், ஓடை மீன் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது? மண் தின்னும் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு, இருபது வருடம் மழையில் அரித்துச் சேற்றில் சேர்ந்து மெத்தில் பாதரசமாகி மீனில் ஏறும்போதும் பாதுகாப்பானதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் பார்வையில் கொடைக்கானல் வாதத்தின் உயிர்நாடி இதுதான். 10 கடுமை, 20 தளர்வு என்று பேரம் பேசுவதுபோல் அது வெளியே தெரிந்தது வருத்தத்துக்குரியது.

20 போதும் என்ற எதிர்த்தரப்பின் வாதத்தில் வெறும் சிக்கனக் கணக்குக்கு மேலும் ஒன்று இருந்தது. வரம்பைக் குறைக்கக் குறைக்கத் தோண்டவேண்டிய மண் கூடும். செங்குத்துச் சரிவில் நிற்கும் மரங்களை வெட்டவேண்டி வரும், வேர் போனால் மண் சரியும், சரியும் மண்ணோடு பாதரசமும் அதே ஓடைக்குத்தான் போகும். மரங்களைப் பற்றியும் மண்ணரிப்பைப் பற்றியும் தனித்தனி ஆய்வுகள் செய்து இதை முன்வைத்தார்கள். மலைச்சரிவை அறிந்த எவரும் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ‘சரிவில் தோண்டினால் ஆபத்து’ என்பது ‘20 மில்லிகிராம் பாதுகாப்பு’ என்பதற்குச் சான்றாகாது. சரிவுக்கு ஒரு முறை, சமதளத்துக்கு இன்னொரு முறை என்று பிரித்து, எடுக்கக்கூடிய இடத்தில் எடுக்க முடிந்த அளவு எடு என்று சொல்ல இடமிருந்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 20 என்பதையே இலக்காக வைத்துப் பணிக்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்தச் சிக்கலை நெதர்லாந்தே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. 1980-ல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் அடியில் ரசாயனப் பீப்பாய்கள் புதைந்திருப்பது தெரிந்து, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த அதிர்ச்சியில், எந்த நிலத்தையும் எந்தப் பயன்பாட்டுக்கும் ஏற்றபடி முழுதாகச் சுத்தம் செய்யவேண்டும் என்று கொள்கை வகுத்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் கறைபட்ட இடங்களின் பட்டியல் நீண்டது, செலவு மலைத்துப்போக வைத்தது, பல இடங்களில் வேலையே நகரவில்லை. 1990-களின் இறுதியில் ‘பயன்பாட்டுக்கேற்ற சுத்தம்’ என்று இறங்கி வந்தார்கள். நேர்மையான இறக்கம் அது. எந்த நிலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பதிவு இருக்கும்வரை அந்த முறை செல்லும். பதிவு இல்லாத ஊரில், வாகன நிறுத்துமிடத்துக்காகத் தளர்த்திய அளவு இருபது வருடத்தில் மழலையர் பள்ளிக்கு அடியில் கிடக்கும். அமெரிக்காவின் லவ் கனாலில் ரசாயனக் கழிவு புதைத்த இடத்தை 1953-ல் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். 1978-ல் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கவேண்டி வந்தது.

சுத்திகரிக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குரோமியத்துக்கு இரும்பு சல்பேட் போன்ற பொருளைச் சேர்த்து, கரையும் முகத்தைக் கரையாத முகமாக மாற்றலாம். எண்ணெய்க் கசிவுக்கு நுண்ணுயிர்கள் உதவும். பாதரச மண்ணை முதலில் கழுவுவார்கள். நஞ்சு பெரும்பாலும் நுண்துகள்களில் ஒட்டியிருப்பதால் பருமணல் பிரிந்து சுத்தமாகிவிடும். மீதி வண்டலை வெற்றிடச் சூளையில் சூடேற்றி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். கொடைக்கானலுக்குத் திட்டமிட்டதும் இந்தக் கழுவலும் சூளையும்தான். சூளையிலிருந்து வரும் மண்ணில் பாதரசம் குறைந்திருக்கும், மட்கும் உயிரும் அநேகமாகப் போயிருக்கும். அதைத் திரும்ப நிரப்பி அதில் ஒரு சோலை மரம் வேர்விட எத்தனை வருடம் ஆகும் என்பதை எந்த ஒப்பந்தப்புள்ளியும் கேட்பதில்லை.

செலவை யார் தருவது? லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கிழக்குப் புறத்து லீ பள்ளத்தாக்கின் பழைய ஆலை நிலங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், சுமார் 2.5 சதுர கிலோமீட்டர். தோண்டிய மண்ணை அங்கேயே ‘மண் மருத்துவமனை’ அமைத்துக் கழுவி, பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் பயன்படுத்தினார்கள். அரசின் பணம், மாற்ற முடியாத கெடு, பின்னால் காத்திருக்கும் லண்டன் நில விலை எல்லாம் சேர்ந்ததால் அது நடந்தது. ராணிப்பேட்டைக் கழிவு மேட்டுக்குப் பின்னால் அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. சந்தையின் கையில் விட்டால் விலையுள்ள நிலம் மட்டும் சுத்தமாகும். ஏழைகளின் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மேடு அப்படியே நிற்கும். முப்பது வருடமாக நிற்கிறது.

இந்தியாவில் இதற்கென்று தனி விதிகள் வந்ததே 2025 ஜூலையில்தான். சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிடவேண்டும். முதற்கட்ட ஆய்வு, விரிவான ஆய்வு என்று படிப்படியாகக் காலக்கெடு உண்டு. கெடுத்தவரைக் கண்டுபிடித்துச் செலவை அவர் தலையில் வைக்கவேண்டும், அவர் இல்லாமல் போனாலோ கட்ட முடியாவிட்டாலோ மத்திய மாநில அரசுகள் ஏற்கவேண்டும். வரவேற்கவேண்டிய தொடக்கம் இது. இன்னொன்றும் நடக்கவேண்டும் என்று நான் வலுவாக நினைக்கிறேன். அந்தப் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் போகவேண்டும். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவதுபோல், இந்தப் புல எண்ணில் இன்ன நஞ்சு இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, இன்ன பயன்பாட்டுக்காக மட்டும் சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வரி வரவேண்டும். அந்த வரி இல்லாதவரை ‘பயன்பாட்டுக்கேற்ற சுத்தம்’ என்பதற்கு இங்கே காவல் இல்லை.

பணி முடிந்தது என்று எப்படி அறிவிப்பது? வழக்கமாக, தோண்டிய குழியின் அடியிலும் பக்கச் சுவரிலும் மறுபடி மண் எடுத்துச் சோதித்து, எண் இலக்குக்குக் கீழே இருந்தால் சான்றிதழ் தருவார்கள். மெத்தில் பாதரசம் ஏறிய மீனைத் தின்று மனிதர்கள் கூட்டமாக நோயுற்ற ஜப்பானின் மினமாட்டாவில் வேறு வழியில் போனார்கள். அங்கே நோய் அடையாளம் காணப்பட்டது 1956-ல். விரிகுடாச் சேற்றில் 25 பிபிஎம்முக்கு மேல், அதாவது கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த பகுதிகளை 1977 முதல் 1990 வரை தூர்வாரி, கரையோரம் 58 ஹெக்டேரில் அடைத்து மூடினார்கள். இன்று அதன் மேல் பூங்கா இருக்கிறது, பாதரசச் சேறு அதன் கீழே இருக்கிறது.

கெட்ட மீன் வெளியே போகாமலிருக்க 1974-ல் விரிகுடாவின் வாயில் ஒரு வலை கட்டியிருந்தார்கள். 1990-ல் சேறு இலக்கை எட்டியபோது அந்த வலையை எடுக்கவில்லை. மீனைப் பிடித்துச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று வருடம் தொடர்ந்து மீனில் பாதரசம் வரம்புக்குள் இருந்த பிறகே, 1997-ல், வலை அகன்றது.

கொடைக்கானலில் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியையும் கற்பாசியையும் எடுத்துச் சோதித்து, ஆலையின் பாதரசம் காற்றில் எவ்வளவு தூரம் போனது என்று இந்திய விஞ்ஞானிகள் முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் பார்த்திருக்கிறார்கள். அதே பாசியை, பாம்பார் ஓடையின் அதே வளைவுகளிலிருந்து எடுத்த வண்டலை, கும்பக்கரைக்கு மேலே பிடித்த மீனை ஆண்டுதோறும் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிடுவது பெரிய செலவு அல்ல. ஆலை வளாகத்து மண்ணுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அந்த மீனுக்கும் சேர்த்துத்தான் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும், ஓடையோரம் வாழ்கிறவர்கள் அதை வாசிக்கும்படி.